உள்பை

ஐயர் தபீத்தாளைப் பற்றிப் பேசச் சொன்னார்.
பெண்கள் ஞாயிறு. பத்து நிமிஷம்.
"மூணு பாடம் இருக்கட்டும், சுகிர்தம்மா.
மூணுன்னா சனத்துக்கு மனசில் நிற்கும்."

ரேஷன் கடைப் பில்லின் பின்பக்கம்
ஒன்று, இரண்டு, மூன்று என எண்போட்டு
எண்களுக்கு எதிரே எதுவும் இல்லாமல்
நாசரேத் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே தேரி மணல் எழுந்து
பனைகளின் முழங்கால்வரை ஏறிக்கொண்டிருந்தது.

யோப்பாவில் அவள் செத்தபோது
விதவைகள் மேல்வீட்டில் நின்று அழுதார்கள்.
அவள் தைத்ததையெல்லாம் பேதுருவிடம் காட்டினார்கள்.
காட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது.

சிரோன்மணி செத்த அன்று
எங்களால் ஒன்றும் காட்ட முடியவில்லை.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து
ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது
பந்தலுக்குக் கீழே நாற்பது பெண்கள்.
முக்கால்வாசிப் பேர் கட்டியிருந்தது
அவள் தைத்த உள்பாவாடை.
சேலைக்குக் கீழே இருப்பதை
எந்தப் பேதுருவிடம் தூக்கிக் காட்டுவது?

ஆண்கள் பேசிக்கொண்டார்கள்:
"பாவம், பிள்ளையில்லாதவ.
சபைக்குன்னு பெருசா ஒண்ணும் செஞ்சதில்ல."
உண்மைதான். பாடகர் குழுவில் இல்லை.
உபவாசக் கூட்டத்தில் சுவரோடு சாய்ந்து தூங்குவாள்.
குழாயடியில் வாய் நீளம்.
நாலு குடம் தண்ணீருக்காக
ஒரு லெந்து காலம் முழுக்க
என்னோடு பேசாமல் இருந்தவள்.

ஆனால் பாப்ளின் அளக்கும்போது
குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பாள்:
"உள்ள பை வைக்கவா?"

இடது இடுப்போரம், மடிப்புக்குள்,
நான்கு விரல் அகலம்.
தையல் வெளியே தெரியாது.
துவைக்கிற கல்லுக்கும் தெரியாது.
பீடிக்கடையில் வாரக்கூலி வாங்கி
வாசல் ஏறுமுன் பறிகொடுக்கிறவளுக்கு
அவன் கை தேடாத ஒரே இடம்.

ஜெபக்கனி மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டியது அதிலிருந்து.
லில்லிபுஷ்பம் ஒரு ராத்திரி
இரண்டு பிள்ளைகளோடு தூத்துக்குடிக்கு பஸ் ஏறியது அதிலிருந்து.
என் பையில் என்ன இருந்ததென்று
இங்கே எழுத மாட்டேன்.

பாவாடைக்குக் கூலி உண்டு. பைக்குக் கிடையாது.
கேட்டால் "மிச்சத் துணிதானே" என்பாள்.
மிச்சத் துணி இல்லை. ஒருநாள் பார்த்துவிட்டேன்,
புதுப் பாப்ளினை வெட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் வீட்டைப் பெருக்கப் போனோம்.
மெஷின் ஊசிக்குக் கீழே
பாதி ஓரம் மடித்தபடி ஒரு பாவாடை.
நூல் அறுபடவில்லை.
நோட்டில் அவள் கோழிக்கிறுக்கல்:
எஸ்தர். இடுப்பு முப்பத்தாறு. பை பெருசா.

யாரும் முழங்காலிடவில்லை.
யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.
பொன்னேசம் ஸ்டூலை இழுத்துப் போட்டு
மிதிகட்டையில் காலை வைத்தாள்.
பழைய மெஷின் ஒருதரம் இருமிவிட்டு
ஓடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை
பில்லைத் திருப்பினேன். எண்கள் மட்டும்.
"தபீத்தாள் ஒரு சீஷி" என்றேன்.
"அவள் பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரிகூட இல்லை.
உயிரோடு எழுந்த பிறகு என்ன செய்தாள் என்றும் இல்லை.
ஊசியைத் தேடியிருப்பாள் என்று நினைக்கிறேன்."

அதற்குமேல் வாய் வரவில்லை.
ஆண்கள் பக்கம் ஒருவர் கடிகாரம் பார்த்தார்.
சிரோன்மணியின் பேரை மட்டும் சொன்னேன்.

பெண்கள் பக்கம் யாரும் எழவில்லை.
வரிசை வரிசையாய்,
பாட்டுப் புஸ்தகத்தை மறுகைக்கு மாற்றுவதுபோல,
இடது கைகள் இறங்கி
இடுப்போரம் நின்றன.

காணிக்கை எண்ணிய ஆசீர் அண்ணன்
மத்தியானம் கேட்டாராம்,
இந்த வாரம் நோட்டெல்லாம்
ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்று.